சீனி போடாத பால்

குமுளியிலிருந்து மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் ஸ்டோரில் பார்த்த வேலையை அன்று விடிந்ததும் விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார், நான் இரண்டு சொன்னேன். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு லுங்கியும் ஒரு போர்வையும். பின்னால் வந்த பஸ் எதுவும் கை காட்டியதற்கு நிற்கவில்லை. லோயர் கேம்ப் வந்து சேர்ந்தபோது செருப்பின் ஒரு வார் அறுந்திருந்தது. அங்கே ஒரு பஸ்ஸில் ஏறிச் சின்னமனூருக்கு டிக்கெட் எடுத்தேன். அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. கையில் இருந்த சில்லறைக்கு அதுவரைதான் போக முடியும்.

பிறர் வீட்டுப் பெற்றோருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். படிவம் நிரப்புவது, டோக்கன் போடுவது, ஸ்கேன் அறையில் எங்கே நிற்பது என்பதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாளில் நீங்களே பழகிக்கொள்வீர்கள். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்காத நான் இந்த வேலையில் முடி நரைக்கும்வரை இருந்துவிட்டேன். அது எப்படித் தொடங்கியது என்பதையும், அன்று நான் செய்த தவறையும் மட்டும் சொல்கிறேன்.

சின்னமனூர் பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, மடியில் ஒரு மஞ்சள் பை.

"ஏப்பா, வீரபாண்டி பஸ்ஸு எங்கன நிக்கும்?" என்று கேட்டார்.

எதிரே கையைக் காட்டினேன். தலையாட்டினார். சிறிது நேரம் கழித்து அதையே கேட்டார். மறுபடியும் காட்டினேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவரைத் திரும்பிப் பார்த்தேன். வெயில் படாத இடத்தில் உட்கார்ந்திருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் நடுங்கின. என்னை உற்றுப் பார்த்து, "ஏலே சுப்பையா, நீ எப்படா வந்த?" என்றார். என் பெயர் சுப்பையா இல்லை.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தார். அவர் பெயர் சுமதி, பெரியவரின் மகள், பள்ளிக்கூட டீச்சர் என்பது பிறகு தெரிந்தது. பெரியவர் வேலுச்சாமி, மார்க்கையன்கோட்டையில் நெல்லும் வாழையும் போடுகிறவர், மனைவி இறந்தபின் வீட்டில் தனியாக இருக்கிறவர்.

"அப்பா, இங்கனயா இருக்கீக. ஊரெல்லாம் தேடிட்டு வாரேன்" என்றார் டீச்சர். பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, சீனி போடாம ஒரு பால் குடுங்க. அப்பாவுக்குச் சுகர் இருக்கு."

பால் வந்தது. பெரியவர் வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் செய்த தவறு அங்கேதான். அதற்கு முன் கோட்டயத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கூலிக்குப் பைஸ்டாண்டராக இருந்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு இருப்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்குக் கூலிக்கு ஆள் வேண்டும். சர்க்கரை ஏறினால் எப்படி இருக்கும், சடாரென்று இறங்கினால் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்திருக்கிறேன். இந்த வியர்வையும் இந்த நடுக்கமும் நான் பார்த்தவைதான். 'பாலில் சீனி போடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், அறுந்த செருப்போடு உட்கார்ந்திருப்பவன், ஒரு டீச்சருக்குச் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவரைக் காரில் ஏற்ற முடியவில்லை. "வீரபாண்டிக்குப் போகணும், விடு" என்று திமிறினார். காரோட்டி உத்தமபாளையத்துக்காரர், ஒல்லியான ஆள். அவரால் பிடிக்க முடியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்து, "அண்ணே, ஒரு கை குடுங்க. மதுரை வரைக்கும் கூட வந்தீகன்னா புண்ணியமாப் போகும், சாப்பாடு வாங்கித் தந்து திருப்பி அனுப்புறேன்" என்றார். சாப்பாடு என்ற சொல் போதுமானதாக இருந்தது. ஏறிவிட்டேன்.

காரில் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். போன தை மாதம் பெரியவர் குளியலறையில் விழுந்தார். எலும்பு டாக்டரிடம் காட்டினார்கள். பிறகு கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி, அப்பா இனிமேல் தனியாக இருக்கக் கூடாது, தன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். பெரியவர் மறுத்தார். இப்போது இரண்டு வாரமாக வேறு தொல்லை. காலையில் யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விடுகிறார். கேட்டால் மழுப்புகிறார். ஆள் அடையாளம் தப்புகிறது. தம்பி நாலு பேரிடம் விசாரித்து, மறதி நோய் என்று முடிவு கட்டி, மதுரையில் பெரிய நரம்பு டாக்டரிடம் இடம் பிடித்துவிட்டான். இன்றைக்கு இரண்டு மணிக்கு. பார்த்துவிட்டு அப்படியே இதே காரில் மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெரியவரின் துணிமணி பின்னால் பெட்டியில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

"ஐயா போனதும் வீட்டுல நிக்கிற மாட்டை வித்துருவாக" என்றார் காரோட்டி, ரோட்டைப் பார்த்தபடியே.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் டீச்சர்.

வீரபாண்டி வந்தபோது ரோட்டோரம் ஈரத்துணியோடு பெண்கள் குடம் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் கம்பம் நட்டு, அதற்கு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றும் காலம் அது. பெரியவர் கதவுப் பிடியைப் பிடித்து, "நிப்பாட்டு, எறங்கணும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். அந்தக் கை பனிக்கட்டிபோல இருந்தது. தேனிக்குள் நுழையும்போது அவர் திமிறுவதை நிறுத்திவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது.

"தூங்கிட்டாக, நல்லதாப் போச்சு" என்றார் காரோட்டி.

அது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் முனகினார், கண் திறக்கவில்லை. இனிமேலும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

"டீச்சர், மதுரைக்குப் போக வேணாம். பக்கத்துல எந்த டாக்டர் இருந்தாலும் அங்கன நிப்பாட்டச் சொல்லுங்க. சுகர் எறங்கிருச்சு."

"ஏறுனதுதானே அவருக்கு நோயி?"

"எறங்கவும் செய்யும். எறங்குனா நேரம் குடுக்காது."

காரோட்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க எதுல டாக்டரு, எட்டாப்புலயா?" என்றார். வழியில் அவர் கேட்டதற்கு என் படிப்பைச் சொல்லியிருந்தேன்.

டீச்சர் தம்பிக்குப் போன் போட்டார். அவன் குரல் எனக்கும் கேட்டது. "அக்கா, பத்து நாளா அலைஞ்சு வாங்குன அப்பாயின்ட்மென்ட். விட்டா அடுத்த மாசம்தான். ரோட்ல பாத்த ஒருத்தன் சொல்றான்னு நிப்பாட்டுவியா? எது ஆனாலும் மதுரையில பாத்துக்குவாக. நேராப் போ."

டீச்சர் அப்பாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. படித்த தம்பி ஒரு பக்கம், பெயர்கூடத் தெரியாத நான் ஒரு பக்கம். "தம்பி, நீ போனை வையி" என்றார். "டிரைவர், கண்ணுல படுற மொத டாக்டர்கிட்ட நிப்பாட்டுங்க."

பல வருஷம் பல வீடுகளில் பல பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். தவறாகப் போகலாம் என்று தெரிந்தும் முடிவெடுத்தவர்களில் அந்த டீச்சரைத்தான் முதலில் வைப்பேன்.

நின்ற இடத்தில் ஒரு சின்ன கிளினிக். நான்கு கட்டில்கள் போட்டது. ஒரு வயதான டாக்டரம்மா. பொது மருத்துவம் பார்ப்பவர். காரோட்டி பதற்றத்தில் ஒரு கலர் பாட்டில் வாங்கி வந்து பெரியவர் வாயில் ஊற்றப் போனார். நான் தட்டிவிட்டேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். இதையும் கோட்டயத்தில்தான் கற்றேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்காமல், "அந்தக் கையைப் பிடிச்சுக்க" என்றார். விரலில் குத்திப் பார்த்தார். மிஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

ஊசி போட முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டினார்கள். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் வாடிய வேப்பிலை. கோயிலுக்குக் கட்டும் காப்பு. டீச்சர் அதை அப்போதுதான் பார்த்தார்.

சில நிமிஷங்களில் பெரியவர் கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்து, "என்னாத்தா, அழுகிற?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. நான் சுப்பையா இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. மஞ்சள் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டினார். மாத்திரை அட்டைகள் குவிந்தன. சின்னமனூர் டாக்டர் கொடுத்தது, மதுரையில் சுகருக்கு ஒருமுறை காட்டியபோது கொடுத்தது, எலும்பு டாக்டர் கொடுத்தது, பெயர் தெரியாத வேறு இரண்டு. அதில் இரண்டு அட்டைகளை எடுத்து டீச்சரிடம் காட்டினார்.

"ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிப் பேரு வேற. ரெண்டையும் போடுறாரா?"

"ரெண்டு டாக்டரும் எழுதுனாக. எதை விடுறதுன்னு தெரியலை" என்றார் டீச்சர்.

"சரி. இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டாரு?"

"இட்லி. நான்தான் தினமும் தூக்குவாளியில குடுத்து விடுறேன். வாளி காலியாத்தான் திரும்பி வரும்."

டாக்டரம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஜன்னலைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டரம்மா. என்னை இருக்கச் சொன்னார், நான் உறவு இல்லை என்பதால். "ஐயா, இட்லி யாருக்குப் போச்சு?"

"நாய்க்கு" என்றார் பெரியவர்.

"எத்தனை நாளா?"

"கம்பம் நட்ட நாள்லருந்து. ஒரு வேளைதான் சாப்பிடுறேன், பொழுது சாய. காலையில போயி தண்ணி ஊத்திட்டு வருவேன். தீச்சட்டி எடுக்கிறதா நேர்ந்துருக்கேன்."

"மாத்திரை?"

"அது தப்பாமப் போட்டுருவேன். அதுல என்னைய யாரும் குறை சொல்ல முடியாது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்ன நேர்ந்தீக?" என்று கேட்டார்.

பெரியவர் காப்புக் கயிற்றைத் தடவினார். "என்னைய கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு" என்றார்.

நான் காருக்குப் பின்னால் பெட்டியில் இருந்த துணிமணியை நினைத்துக்கொண்டேன். வீட்டைவிட்டுப் போகாமல் இருக்க அந்த மனிதர் இருந்த விரதம்தான் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தது. காலையில் காணாமல் போனது தண்ணீர் ஊற்றுவதற்காக. ஆள் தெரியாமல் போனது, வெறும் வயிற்றில் இரட்டை மாத்திரை போட்டதால். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து மறதி நோயாகத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தனிமையில் டாக்டரம்மா இன்னும் பல கேள்விகள் கேட்டார். ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்கு எழுந்திருக்கிறார், குளியலறையில் விழுந்த அன்று முதலில் தலை சுற்றியதா, கால் தெரியாமல் இடறியதா. மகள் முன்னால் மழுப்பியிருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பெரியவர் நேராகப் பதில் சொன்னார். இதை நான் பார்த்திருந்தும் பின்னாளில் மறந்துபோனேன். கடமலைக்குண்டில் ஒரு தாயாரை முழங்கால் வலி என்று மூன்று முறை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வீட்டைவிட்டு வெளியே நடக்காததற்குக் காரணம் முழங்கால் இல்லை. நடந்தாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது. அதை ஆண்பிள்ளையான என்னிடமோ மகனிடமோ எப்படிச் சொல்வார்? பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட அன்றே சொல்லிவிட்டார். பார்க்க வேண்டிய டாக்டர் வேறு. அதற்குள் மூன்று மாதம் வீணாகிவிட்டது. கேட்பதற்குச் சரியான ஆள் நீங்கள் இல்லையென்றால், சரியான ஆளைக் கூட்டிவாருங்கள்.

டாக்டரம்மா பெரியவரின் வலப்பக்கம் மெதுவாகப் பேசினார், பிறகு இடப்பக்கம். இடப்பக்கம் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. விளக்கடித்துக் காதைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னார். தேதிகூடத் தெரியவில்லை, இரண்டு கண்ணிலும் புரை. படுத்திருக்கும்போது ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்கவைத்து மறுபடியும் பார்த்தார். பாதத்தில் ஒரு பஞ்சை வைத்துத் தெரிகிறதா என்று கேட்டார். பெரியவர், "என்னது?" என்றார்.

பிறகு டீச்சரை உள்ளே கூப்பிட்டார். அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தைகூட விடாமல் வைத்திருக்கிறேன்.

"கீழ விழுந்தாருன்னு எலும்பு டாக்டர்கிட்ட போனீக. அவுக எலும்பைப் பாத்தாக, சரியாத்தான் பாத்தாக. ஏன் விழுந்தாருன்னு யாரும் கேக்கலை. கண்ணு தெரியலை, பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிருக்கு, எந்திரிச்சா பிரஷர் எறங்குது. வயசானவகளுக்கு வலிக்கிற எடத்துக்கு ஒரு டாக்டர்னு போனா, டாக்டருக கூடுவாக, மாத்திரை கூடும். மொத்த ஆளையும் பாக்குறதுக்கு மொதல்ல ஒருத்தர் வேணும். பொது டாக்டரா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில முதியோர் மருத்துவம்னே தனியா இருக்கு, அங்கன காட்டலாம். அவுக சொல்லணும், அடுத்தது யாருகிட்டன்னு. ஐயாவுக்கு இப்ப வேண்டியது கண் டாக்டரு. அப்புறம் காது. ஒண்ணுக்குப் போற தொந்தரவுக்கு ஒருத்தரு, அது அவசரமில்லை."

"நரம்பு டாக்டரு?" என்றார் டீச்சர்.

"போகவே வேணாம்னு நான் சொல்லலை. ஒரு மாசம் ஒழுங்காச் சாப்பிட்டு, சுகர் ஒரே சீரா இருந்து, காது கண்ணு சரியாகி, அதுக்கு அப்புறமும் ஆள் தெரியாமப் போனா கண்டிப்பாப் போகணும். நானே கடிதம் தாரேன். இன்னைக்குப் போயிருந்தா, மயக்கத்துல இருக்கிற மனுசனை வச்சுக்கிட்டு அவுக என்ன ஞாபகத்தைச் சோதிக்கிறது?"

எவ்வளவு பெரிய டாக்டரிடம் போனாலும் ஒரு கேள்வியோடு போக வேண்டும், பழைய மாத்திரை எல்லாவற்றோடும் போக வேண்டும் என்று கடைசியாகச் சொன்னார். அந்த அம்மா எத்தனை பட்டம் வாங்கியவர் என்று நான் பலகையில் படித்துப் பார்க்கவில்லை. அதன்பின் பல பெரிய கட்டிடங்களில் ஏறி இறங்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'இட்லி யாருக்குப் போச்சு' என்று கேட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாளாவது இருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்பதால் பெரியவரை அங்கேயே வைத்துக்கொண்டார். நான் கூட இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. போவதற்கும் இடம் இல்லை. காரோட்டி புறப்படும்போது, "வரட்டுமா டாக்டரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

மறுநாள் காலை தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். வரும்போது சண்டைக்குத் தயாராகத்தான் வந்தான். பெரியவர் அவனைப் பார்த்ததும், "ஏலே, மீசையை ஏன் எடுத்த?" என்று கேட்டார். அவன் கட்டில் காலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். அப்பாவுக்குத் தன்னைத் தெரியாமல் போய்விட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவன் அவன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சரி, ஊர்லயே இருக்கட்டும். ஆனா தனியா விட மாட்டேன். கூட ஒரு ஆள் வேணும்" என்றான்.

டாக்டரம்மாவும் அதையே சொன்னார். "மூணு வேளையும் கூட உக்காந்து சாப்பிட வைக்கிற ஆளு."

அங்கேதான் சிக்கல் வந்தது. பெரியவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். "நேர்ந்தது நேர்ந்ததுதான். இன்னும் ஒம்பது நாள் இருக்கு. பாதியில விட்டா ஆத்தாளுக்கு என்ன பதில் சொல்றது?" டீச்சர் கெஞ்சினார். தம்பி அதட்டினான். டாக்டரம்மா, சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றலாமே என்றார். "அது விரதமா?" என்றார் பெரியவர்.

நான் வாசல் ஓரம் நின்றிருந்தேன். "ஐயா, வீட்டுல ஒருத்தர் நேர்ந்ததை இன்னொருத்தர் முடிக்கிறது வழக்கம்தான?" என்றேன்.

"அது சொந்தக்காரக செய்யணும்."

"உங்க வீட்டுல சம்பளத்துக்கு இருந்தா நானும் வீட்டு ஆளுதான். ஒம்பது நாளும் ஒரு வேளை நான் இருக்கேன், தண்ணியும் ஊத்துறேன். நீங்க மூணு வேளை சாப்பிடுங்க."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுந்த செருப்பையும் பார்த்தார். "ஒரு வேளைச் சோத்துல ஒம்பது நாள் தாங்குவியா?"

"அது எனக்குப் பழக்கம்தான்யா."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு குறிப்பு நோட்டை எடுத்து, அப்பாவின் சாப்பாட்டையும் மாத்திரையையும் தினமும் எழுதி வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாப்பிட்டார், விரதத்தில் நான் ஏமாற்றிவிடுவேனோ என்று பார்ப்பவரைப்போல. பசித்துக் கிடப்பதற்கு அதுவரை யாரும் எனக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. அவர் கை கழுவியதும் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் எழுதினேன்: காலை எட்டு மணி. இட்லி நான்கு. மாத்திரை ஒன்று.